சென்னை ஜார்ஜ் டவுன்: எந்தத் தெருவுக்கு எந்த நேரம்?

கேள்வி இது: "வெளியூரிலிருந்து குடும்பத்தோடு சென்னை வருகிறோம். வீட்டில் கல்யாணம் என்பதால் பத்திரிகை, முந்திரி, கொஞ்சம் துணி வாங்க வேண்டும். அப்படியே பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் உள்ள பழைய கோயில்கள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்குவது?"

ஒரே நாளில் முடியாது. முயன்றால் மதியம் 3 மணிக்குள் கால் வலித்து, வாங்கியதைச் சுமக்க முடியாமல், சாயங்காலச் சாப்பாட்டுக் கடைகள் திறப்பதற்கு முன்பே அறைக்குத் திரும்பிவிடுவீர்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள். பிராட்வே என்று எல்லோரும் சொல்லும் பிரகாசம் சாலையை எல்லைக்கோடாக வைத்துக்கொண்டு, முதல் நாள் அதன் கிழக்குப் பக்கம், மறுநாள் மேற்குப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வழி தவறுகிறவர்களைவிட நேரம் தவறுகிறவர்கள்தான் அதிகம். பூவுக்கு விடியற்காலை, கோயிலுக்குக் காலை, மொத்த வியாபாரத்துக்கு 11 மணிக்கு மேல், சாட் வகைகளுக்குச் சாயங்காலம். நேரம் மாறிப் போனால் பூட்டிய கதவையும் சரக்கு இறக்கும் வண்டிகளையும்தான் பார்ப்பீர்கள்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை அடைத்திருக்கும். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெருவில் அந்தோணியார் பக்தர்கள் கூட்டம். வெள்ளிக்கிழமை காளிகாம்பாள் கோயிலில் கூட்டம், மண்ணடியில் மதியத் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை ஊரே இங்கே வந்துவிடும். ஆகவே புதனும் வியாழனும்தான் நல்ல நாட்கள்.

காரில் வராதீர்கள். வண்டியை நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். மெட்ரோ ரயிலில் சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி என்று அடுத்தடுத்து மூன்று நிலையங்கள் இந்தப் பகுதியைத் தொட்டுச் செல்கின்றன. பார்க் டவுன் பக்கத்துக்கு சென்ட்ரல், பாரிமுனைக்கு உயர் நீதிமன்றம், வடக்குத் தெருக்களுக்கு மண்ணடி. விமான நிலையத்திலிருந்தும் அதே நீலத் தடத்தில் நேராக வரலாம்.

தெருக்கள் இப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1639-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் இடம் வாங்கிக் கோட்டை கட்டத் தொடங்கியதும், அதன் வடக்கு மதிலை ஒட்டி நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் குடியேறினார்கள். கறுப்பர் பட்டணம் என்று ஆங்கிலேயர் அழைத்த அந்தப் பழைய குடியிருப்பு இப்போது இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749-இல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. எதிரி மறைந்து நின்று சுட இடம் இருக்கக் கூடாது என்பதற்காகக் கோட்டைக்குப் பக்கத்திலிருந்த வீடுகளையெல்லாம் இடித்துத் திடலாக்கினார்கள். உயர் நீதிமன்ற வளாகம் இருப்பது அந்த நிலத்தில்தான். இதற்கு மேல் கட்டடம் வரக் கூடாது என்று 1773-இல் எல்லைக் கற்கள் நட்டார்கள். அவற்றில் எஞ்சிய ஒன்றைப் பாரிமுனையில் உள்ள டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்றும் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான பேர் தினமும் அதைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள்.

திடலுக்கு வடக்கே கிழக்கில் முத்தியால்பேட்டையும் மேற்கில் பெத்தநாயக்கன்பேட்டையும் புதுப் பட்டணமாக வளர்ந்தன. நடுவே இருந்த தாழ்வான நிலத்தை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் சீர்படுத்திப் போட்ட சாலைதான் பிராட்வே. இடங்கை, வலங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதியார் தகராறு 1707 வாக்கில் முற்றியபோது, யார் எந்தப் பேட்டையில் இருப்பது என்பதே வழக்காயிற்று. சாதிவாரியாக, தொழில்வாரியாகக் குடியேறிய அந்த அமைப்பின் தடம் இன்றும் ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்ற முறையில் தெரிகிறது. ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜை ஒட்டி வந்தது. கடைக்காரர்களிடம் அந்தப் பெயரில் வழி கேட்காதீர்கள். பாரிஸ் (பாரிமுனைதான்), மண்ணடி, பூக்கடை, சௌகார்பேட்டை என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள்.

முதல் நாள்: கடற்கரைப் பக்கம்

காலை 8 மணிக்குத் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலில் தொடங்குங்கள். விசுவகர்மா சமூகத்தாரின் கோயில். 1677-இல் சத்ரபதி சிவாஜி இங்கே வழிபட்டதாகக் கோயில் வழக்கு சொல்கிறது. சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதியாரும் வந்து போனதாகச் சொல்வார்கள். இந்தப் பகுதிக் கோயில்கள் எல்லாம் 12 மணிக்குள் நடை சாத்திவிட்டு மாலை 4 அல்லது 4.30-க்கு மேல்தான் திறக்கும். கடைகள் தாமதமாகத் திறப்பதும் கோயில்கள் காலையில் திறந்திருப்பதும் நமக்கு வசதிதான். காலையைக் கோயிலுக்குக் கொடுங்கள்.

அங்கிருந்து மேற்கே இரண்டு தெரு தள்ளி அரண்மனைக்காரன் தெரு. கச்சாலீசுவரர் கோயில், புனித மேரி இணைப் பேராலயம், ஆர்மீனியத் தேவாலயம் மூன்றும் இந்த ஒரே தெருவில். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஆர்மீனியத் தேவாலயத்தைத் தேர்ந்தெடுங்கள். 1712-இல் எழுந்த முதல் தேவாலயத்துக்குப் பின் 1772-இல் கட்டப்பட்ட கட்டடம் இது. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும், உள்ளே 6 பெரிய மணிகள். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் ஆர்மீனிய எழுத்துகள். உலகத்தின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் இந்தச் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறையும் இந்த வளாகத்தில்தான். வெளியே வண்டி இரைச்சல் காதைப் பிளக்க, வாசலைத் தாண்டியதும் பூ மரமும் நிழலும். மதியத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள் என்பதால் 11 மணிக்குள் இதை முடித்துவிடுங்கள்.

இதே தெருவில்தான் அன்னிபெசன்ட் உருவாக்கிய இளைஞர் சங்கத்தின் கோகலே மண்டபமும் இருக்கிறது. தன்னாட்சிக் கிளர்ச்சிப் பேச்சுகளும் கச்சேரிகளும் நடந்த இடம் அது. இந்தப் பட்டணத்தில் நடக்கும்போது அடிக்கடி தலை தூக்கிப் பாருங்கள். கீழே பெயர்ப்பலகை மறைத்திருக்கும். முதல் மாடியில் மரத் தூண்கள், இரும்புக் கம்பி வேலைப்பாடு, மெட்ராஸ் ஓடு இன்னும் எஞ்சியிருக்கும். வடக்கே பவளக்காரத் தெருவில் நகரத்தார் வீடுகளும் விடுதியும் உள்ள பகுதியில் இது நன்றாகத் தெரியும். பவள வணிகம் செய்த யூதர்கள் ஒரு காலத்தில் வாழ்ந்த தெரு அது.

மதியச் சாப்பாட்டில் பலர் தவறுவது நேரத்தில். உயர் நீதிமன்றத்துக்கு மதியம் 1.30 முதல் 2.15 வரை இடைவேளை. அந்த முக்கால் மணி நேரம் பாரிமுனைச் சாப்பாட்டுக் கடைகளில் வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் கட்சிக்காரர்களும் நிரம்பி வழிவார்கள். 12.30-க்கே உட்கார்ந்துவிடுங்கள், அல்லது 2.30-க்குப் போங்கள். அசைவம் என்றால் மண்ணடி. கீழக்கரை, காயல்பட்டினம் வணிகர்கள் நிறைந்த பகுதி. அங்கப்பன் நாயக்கன் தெருவைச் சுற்றிப் பிரியாணிக் கடைகள் உண்டு. பிரியாணி அண்டா மதியம் 12-க்கு மேல் உடைப்பார்கள், 2.30-க்குள் பல இடங்களில் காலியாகிவிடும். ரமலான் மாதத்தில் வந்தால் இந்தத் தெருக்களை மாலை 5 மணிக்கு மேல் பாருங்கள். நோன்புக் கஞ்சியும் வடையும் சமோசாவும் வாசலுக்கு வாசல் விற்கும்.

சாப்பிட்டபின் ராஜாஜி சாலைக்கு வாருங்கள். முதல் கடற்கரைச் சாலை என்பது இதன் பழைய பெயர். துறைமுகம் கட்டும் வரை அலை இந்தச் சாலை ஓரம் வரை வந்தது. பொது அஞ்சலகம் 1884-இல் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. உயர் நீதிமன்றம் 1892-இல் திறக்கப்பட்டது. அதன் கிழக்குச் சுற்றுச்சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசியதைச் சொல்லும் பலகை இருக்கிறது. வழக்கு, அலுவல் இல்லாதவர்கள் வளாகத்துக்குள் சுற்றிப் பார்ப்பது எளிதல்ல, பாதுகாப்புச் சோதனை கடுமை. வெளியிலிருந்தே சிவப்புக் கோபுரங்களும் கலங்கரை விளக்கும் தெரியும். ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வாசல்களையும் பூட்டிவிடும் வழக்கம் இங்கே உண்டு. பொதுமக்கள் நடைபாதை உரிமை கோரக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் என்பார்கள்.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளை அரசே எடுத்துக்கொண்டபோது வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்காக 1960களின் கடைசியில் உருவானது. செல்போன் உதிரிகள், வாசனைத் திரவியம், கடிகாரம், விளையாட்டுச் சாமான் எல்லாம் கிடைக்கும். ஆனால் பில், உத்தரவாதம் இரண்டையும் எதிர்பார்க்காதீர்கள். சார்ஜர், இயர்போன் போன்றவற்றை உங்கள் போனில் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மூடி முத்திரை உடையாத பெட்டியைக் காட்டிவிட்டு வேறு பெட்டியை எடுத்துத் தருவதும் நடக்கும். பார்த்த பெட்டியையே வாங்குங்கள். 500 ரூபாய்க்கு மேற்பட்ட மின்சாதனங்களை இங்கே வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இந்தப் பக்கம் வருவதற்கு உண்மையான காரணம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். மாலை 4.30-க்கு மேல் இரண்டாம் கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான பொரிப்பு), புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், எலுமிச்சை, கொத்துமல்லி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். சுடச்சுட எதிர்பார்க்காதீர்கள், இதைக் கலவை போல ஆறிய நிலையில்தான் சாப்பிடுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் கொடுப்பார்கள், அது சூடாக இருக்கும். காரம் குறைவாக வேண்டும் என்றால் பிசையத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு குறைக்க வழியில்லை. மொய்ங்கா என்பது அதே நூடுல்ஸ் சூப்பில் ஊறிய வடிவம். குழந்தைகளுக்கு அதுதான் ஏற்றது. அவித்த முட்டையைப் பிளந்து பொரித்த பூண்டும் வெங்காயமும் புளியும் வைத்துக் கொடுக்கும் மசாலா முட்டையை விட்டுவிடாதீர்கள். வேகமாகக் கூட்டம் நகரும் வண்டியாகப் பார்த்துப் போங்கள். அரிந்த முட்டைக்கோஸ் நேரமாக ஆகத் தண்ணீர் விடும். கூட்டமில்லாத வண்டியில் அது சொதசொதவென்று இருக்கும்.

இரண்டாம் நாள்: பூக்கடையிலிருந்து மின்ட் தெருவரை

பத்ரியன் தெருப் பூக்கடைக்குக் காலை 6.30-க்கு வந்தால் நல்லது. மொத்தச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் இங்கே வியாபாரம் நின்றுவிடவில்லை. உதிரிப்பூ எடைக்கு, கட்டிய சரம் முழத்துக்கு. முகூர்த்த நாளிலும் வெள்ளிக்கிழமைக்கு முந்தைய மாலையிலும் விலை ஏறும். கல்யாண மாலை வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லி முன்பணம் கொடுக்க வேண்டும். சும்மா பார்க்க வந்தவர்கள் நடுப்பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள். தலையில் மூட்டையோடு வருகிறவர் சட்டென்று நிற்க முடியாது.

அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்து தெற்கே வந்தால் தேவராஜ முதலி தெரு. சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் என்ற இரட்டைக் கோயில். பட்டணம் கோயில் என்பது பழைய பெயர். முதலில் இருந்த கோயிலைக் கோட்டைப் பாதுகாப்புக்காக 1757 வாக்கில் இடித்தார்கள். துபாஷி மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில் 1760களில் இங்கே மீண்டும் எழுந்தது. புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குக் குடைகள் புறப்படுவது இந்தக் கோயிலிலிருந்துதான். குடைகள் யானைக்கவுனியைத் தாண்டும் அந்த மாலையில் சாலைகளை மாற்றிவிடுவார்கள். தரிசனத்துக்கு வந்தால் அது பெரிய காட்சி, கடைக்கு வந்தால் அன்று ஒரு வேலையும் ஆகாது.

பக்கத்தில் ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். வள்ளலார் சிறுவயதில் வந்து வழிபட்டு, தெய்வமணிமாலை பாடிய முருகன். அவர் வளர்ந்த ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெரு வீடு மின்ட் தெருவின் வடக்குப் பக்கத்தில், நடந்து போகும் தொலைவுதான்.

11 மணி ஆனதும் வியாபாரத்துக்குத் திரும்புங்கள். முதலில் பத்திரிகை, ஏனென்றால் அதில்தான் முடிவெடுக்க நேரமாகும். ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதமும் அழைப்பிதழும்தான். கடையில் சொல்லும் விலை பல நேரம் வெறும் அட்டைக்கு மட்டும். "அச்சுக்கூலி சேர்த்தா, உறை சேர்த்தா, வரி சேர்த்தா" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். அட்டைகள் 50 அல்லது 100 கொண்ட கட்டுகளாக வரும். எண்ணிக்கையை ஆள் கணக்கில் போடாமல் வீட்டுக் கணக்கில் போட்டு, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டிச் சொல்லுங்கள். பிறகு 20 அட்டை மட்டும் தனியாக அச்சடிக்கக் கேட்டால் முழு அச்சுக்கூலியும் மறுபடி கேட்பார்கள், அது நியாயமும்கூட. கரும்பச்சை, மெரூன் போன்ற அடர்நிற அட்டையில் சாதாரண மை தெரியாது. தங்க நிற ஸ்கிரீன் அச்சுதான் வேண்டும், அது காய ஒரு நாள் கூடுதலாகும். வழவழப்பான பூச்சுள்ள அட்டையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினால் ஒட்டாமல் உதிரும். தடவிப் பார்க்க ஒரு மாதிரி அட்டை கேளுங்கள், கொடுப்பார்கள்.

பெரும்பாலான பிழைகள் எழுத்தில் வரும். நீங்கள் போனில் தட்டச்சு செய்து அனுப்பிய தமிழ், அச்சகத்தார் பயன்படுத்தும் பழைய எழுத்துருவுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறும். கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ வரும் இடங்களை எல்லாம் மெய்ப்புப் படியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிழமையும் தேதியும் தமிழ்த் தேதியும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று நாட்காட்டி வைத்துச் சரிபாருங்கள். மெய்ப்பு போனில் வந்தாலும் பெரிய திரையில் அல்லது தாளில் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள், ஒப்புக்கொண்ட பிறகு வரும் பிழை உங்கள் கணக்கில்தான். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் வேலை குவியும். அப்போது 10 நாளாவது இடைவெளி விடுங்கள்.

துணிக்குக் கோடவுன் தெரு. இது மொத்த வியாபாரம். சேலைகள் 4 அல்லது 6 நிறம் கொண்ட செட்டாகத்தான் தருவார்கள். ஒற்றைச் சேலை கேட்டால் இல்லை என்று முகம் திருப்புவது கோபமில்லை, வழக்கம். உறவினர்களுக்கு வைத்துக் கொடுக்க ஒரே மாதிரிச் சேலைகள் வேண்டும் என்றால்தான் இந்தத் தெரு உங்களுக்குப் பயன்படும். செட்டில் ஒன்றை முழுக்கப் பிரித்து அளந்து பாருங்கள். ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டருக்கு மேல் வர வேண்டும். மலிவுச் சரக்கில் இங்கேதான் குறைப்பார்கள். திருப்பி எடுக்கமாட்டார்கள், ஆகவே சாயக் கறை, இழை அறுந்த இடம் எல்லாவற்றையும் கடையிலேயே பார்க்க வேண்டும்.

முந்திரி, ஏலக்காய், உலர்பழங்களுக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. முழு முந்திரியின் தரம் 180, 210, 240, 320 என்ற எண்களில் சொல்லப்படும். ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்பு என்பது அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலை அதிகம். சரிபார்ப்பது எளிது: 100 கிராம் நிறுத்து எண்ணுங்கள். 240 தரத்தில் 48 முதல் 53 பருப்பு இருக்க வேண்டும், 320 தரத்தில் 66 முதல் 70. 240 என்று சொல்லிக் கொடுத்ததில் 60 இருந்தால் கலப்பு. தாம்பூலத்தோடு முழுப் பருப்பாகக் கொடுக்க 240 நன்றாக இருக்கும், பாயசத்துக்கும் கேசரிக்கும் பாதிப் பருப்பே போதும், விலை நன்றாகக் குறையும். ஏலக்காயில் 8 மில்லிமீட்டர் பருமன் உயர்ந்த ரகம். பச்சை நிறத்தை மட்டும் பார்க்காமல் நாலைந்தை உடைத்து உள்ளே விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். விதை வெளுத்துக் காய்ந்திருந்தால் பழைய சரக்கு.

நைனியப்ப நாயக்கன் தெரு ரசாயனங்களுக்கும் வாசனை எண்ணெய்களுக்கும் பெயர் போனது. பலகாரத்துக்கு எசன்ஸ், நிறப்பொடி இங்கே வாங்கினால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் அச்சிட்ட புட்டியாகப் பாருங்கள். சோப்புக்கும் ஊதுவத்திக்கும் போடும் வாசனையும் அதே அலமாரியில் இருக்கும். காசி செட்டித் தெருவில் விளையாட்டுச் சாமான் மலிவு, ஆனால் 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், முத்திரை இல்லாததைச் சின்னக் குழந்தைக்கு வாங்காதீர்கள். தங்கம் வாங்குவதானால் என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடை நிறைய. நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 22கே916, ஆறு எழுத்தெண் கொண்ட ஹெச்.யூ.ஐ.டி. அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கடையிலேயே தெரிந்துவிடும். சேதாரத்தையும் செய்கூலியையும் ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துச் சொல்லக் கேளுங்கள், பேரம் பேச இடம் அங்கேதான்.

வாங்கிய சரக்கைச் சுமந்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போகாதீர்கள். பணம் கட்டி, பில் வாங்கி, "5 மணிக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலான கடைகளில் வைத்துக்கொள்வார்கள். பில்லில் உருப்படி எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள். சரக்கு அதிகமானால் உங்கள் ஊருக்கு லாரி பார்சலில் அனுப்பச் சொல்லலாம். அப்படியானால் எல்.ஆர். என்ற லாரி ரசீதை வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். ஊரில் சரக்கு எடுக்க அந்தத் தாள் வேண்டும். முந்திரி, உலர்பழத்தை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள், லாரிக் கொட்டகையில் மழை ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும்.

மாலை 5 மணிக்கு மின்ட் தெரு. 1840களில் இங்கே வந்த தங்கசாலையால் தங்கசாலைத் தெரு என்றும் பெயர். குஜராத்திகளும் மார்வாரிகளும் தலைமுறைகளாக வாழும் சௌகார்பேட்டையின் நடுத்தெரு. அனேகமாக எல்லாமே சைவம். சமணர்களுக்காக வெங்காயம், பூண்டு, உருளை இல்லாமலும் செய்வார்கள். "ஜெயின்" என்று சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே கடையில் நிரப்பிக்கொள்வதுதான் இங்கே பலர் செய்யும் தவறு. ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு கடை கடையாக நகருங்கள். முறுக்கு சாண்ட்விச் இந்தப் பேட்டையின் சொந்தக் கண்டுபிடிப்பு. ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி. கட்டின உடனே சாப்பிட வேண்டும், ஐந்து நிமிடத்தில் முறுக்கு நமத்துவிடும். அடுத்து காகடா ராம்பிரசாத் கடையில் ஆலு டிக்கியும், நெய்யில் பொரித்த சூடான ஜிலேபியும். ஜிலேபியைத் தட்டில் ஏற்கெனவே அடுக்கியிருப்பதிலிருந்து வாங்காமல், வாணலியிலிருந்து எடுக்கும் வரை காத்திருங்கள். கூடவே பாதாம் பால். கடைசியாக என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் கடையின் நெய்ப் பொடி இட்லி, ஊத்தப்பம். கடை சின்னது, நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், நெய் தாராளம். இதைச் சாட்டுக்கு முன்பே சாப்பிட்டால் வேறெதற்கும் வயிற்றில் இடமிருக்காது. லஸ்ஸி குடிப்பதானால் அதுவே ஒரு சாப்பாடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போகக் காக்ரா (மெல்லிய மொறுமொறு ரொட்டி) நல்லது, காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் தாங்கும். அப்பளம், முக்வாஸ் (சாப்பிட்டபின் வாயில் போட்டுக்கொள்ளும் சோம்புக் கலவை) வாங்கலாம். ரப்ரி, மலாய் போட்ட இனிப்புகளை ரயிலில் கொண்டுபோகாதீர்கள், சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

சில்லறைச் செலவுக்கு 10, 20, 50 ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். கூட்டத்தில் இணையம் சுணங்கி, பணப் பரிமாற்றம் நடுவில் நிற்பது உண்டு. கைப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். மீன்பாடி வண்டி மணி அடித்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள், அதற்குப் பிரேக் பிடிமானம் குறைவு. பெண்களுக்குக் கழிப்பறைதான் இங்கே பெரிய குறை. மெட்ரோ நிலையத்திலும், மதியம் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்திலும் முடித்துக்கொள்வதே வழி.

பெரியவர்கள் கூட வந்தால் இரண்டாம் நாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி ஆட்டோவில் கந்தகோட்டம், அங்கிருந்து பட்டணம் கோயில், மின்ட் தெருவின் தென்முனையில் ஏகாம்பரேசுவரர் கோயில் மூன்றையும் 11-க்குள் பார்க்கலாம். அவர்களை அறைக்கு அனுப்பிவிட்டு, இளையவர்கள் இரண்டு பேர் மட்டும் ஆண்டர்சன் தெருவுக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கும் போனால் வேலை பாதி நேரத்தில் முடியும். பத்திரிகை மாதிரிகளைப் படம் எடுத்து அனுப்பி, பெரியவர்கள் சொன்னபின் உறுதி செய்யுங்கள். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரை மழைக்காலம். அப்போது வந்தால் பத்திரிகை, துணி இரண்டுக்கும் பிளாஸ்டிக் உறை கையோடு கொண்டுவாருங்கள்.